அழைப்பு வந்ததைக் கைபேசி ஒளியால் சொல்ல: ஃபிளாஷ் அறிவிப்பை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

காது கேளாதவர்களுக்கும், செவித்திறன் குறைந்த முதியவர்களுக்கும், இயந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை செய்பவர்களுக்கும் கைபேசியின் மணியோசை பயன்படுவதில்லை. அழைப்பு வரும்போது கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள விளக்கையோ திரையையோ மின்னச் செய்யும் வசதி இன்றைய கைபேசிகள் பலவற்றிலேயே இருக்கிறது. என் பெரியம்மாவுக்கும், அவரைப் பார்த்துக் கேட்டு வந்த அக்கம்பக்கத்தினர் சிலருக்கும் இதை அமைத்துக் கொடுத்திருக்கிறேன். தாமாகவே முயன்று பார்த்துவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறியிருந்தார்கள். ஃபிளாஷை இயக்கும் பொத்தானை முதல் வேலையாகத் தட்டிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

பெரியம்மாவின் கைபேசியில் நானும் முதல் முறை அப்படித்தான் செய்தேன். சமையல் மேடையில் மிக்சிக்குப் பக்கத்தில் இருந்த கைபேசி, துணிக்கடைத் தள்ளுபடிக்கும், குடும்பக் குழுவில் வந்த காலை வணக்கப் படத்துக்கும், யாரோ போட்ட வீடியோவுக்கும் மாறி மாறி மின்னியது. மூன்றாம் நாள் அவர் அந்த ஒளியைத் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அன்று மாலை மகன் நான்கு முறை அழைத்ததும் அந்த மின்னல்களோடு சேர்ந்து போயிற்று. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில் கைபேசியின் மென்பொருள் பதிப்பைப் பாருங்கள். செட்டிங்ஸின் கடைசிப் பகுதியில் ‘அபவுட் போன்’ என்பதைத் திறந்தால் ஆண்ட்ராய்டு பதிப்பின் எண் தெரியும். ஃபிளாஷ் அறிவிப்பு ஆண்ட்ராய்டின் பொது வசதியாக 2023-இல் வெளிவந்த 14-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பாக இருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. சாம்சங் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தங்கள் கைபேசிகளில் இதை முன்பே தந்திருக்கின்றன. ஐபோனில் இது நெடுங்காலமாகவே உள்ளது.

சோதித்துப் பார்க்க இன்னொரு கைபேசி வேண்டும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும், ஏனெனில் சார்ஜ் மிகவும் இறங்கிவிட்டால் சில கைபேசிகள் ஃபிளாஷ் விளக்கை எரியவிடுவதில்லை. அமைப்பில் பிழை என்று எண்ணி வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கைபேசிக்கு உரியவர் கூடவே அமர்ந்திருக்க வேண்டும். எந்தச் செய்தி அவருக்கு முக்கியம், எது வேண்டாம் என்பதை அவரைத் தவிர வேறு எவரும் முடிவு செய்யக் கூடாது.

ஒன்றை மட்டும் தவறாமல் கேட்டுவிடுங்கள். வீட்டில் யாருக்கேனும் வலிப்பு நோய் உண்டா? விட்டுவிட்டு மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடும். இணையதளங்களின் அணுகல் நெறிகள், எதுவும் ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்று வரையறுப்பது இதனால்தான். அடர்ந்த சிவப்பு மின்னல் கூடுதல் ஆபத்தானது. அத்தகையவர் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மேலே செல்லாதீர்கள். அதிர்வு தரும் கைக்கடிகாரம் அவர்களுக்குப் பாதுகாப்பான மாற்று.

2. வேண்டாத அறிவிப்புகளைக் களையுங்கள்

ஓசையாக வரும் வேண்டாத அறிவிப்பைக் காது கேட்பவர் பழகிக் கடந்துவிடுவார். அறையே மின்னினால் அப்படிக் கடந்துவிட முடியாது. கண் ஒவ்வொரு முறையும் திரும்பும், சில நாளில் சலித்துப்போகும். எனவே ஒளி வருமுன் ஒளிக்குரிய காரணங்களைக் குறைத்துவிட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ், ஆப் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று செல்லுங்கள். பட்டியலின் மேலே உள்ள தேர்வை மாற்றி, அடிக்கடி அறிவிப்பு அனுப்பும் செயலிகள் முதலில் வருமாறு பல கைபேசிகளில் வரிசைப்படுத்தலாம். மேலிருந்து கீழாக வாருங்கள்: கடைகள், விளையாட்டுகள், வீடியோ, செய்திச் செயலிகள் ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். வங்கி, மருந்து நினைவூட்டல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் ஆகியவை இருக்கட்டும். ஐபோனில் செட்டிங்ஸின் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதியில் ஒவ்வொரு செயலியாகத் திறந்து இதையே செய்யலாம்.

வாட்ஸ்அப்பில் தனி வேலை இருக்கிறது. முழுச் செயலியையும் அணைத்தால் மகளின் வீடியோ அழைப்பும் போய்விடும். ஆதலால் குழுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து ‘மியூட்’ செய்யுங்கள். அங்கே எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்ற மூன்று தேர்வுகளில் ‘எப்போதும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘ஒரு வாரம்’ என்று விட்டால் எட்டாம் நாள் மறுபடியும் மின்னத் தொடங்கும். என்ன மாறியது என்று யாருக்கும் நினைவிருக்காது. பெரியம்மாவிடம் பதினொரு குழுக்கள் இருந்தன. உடன்பிறந்தவர்கள் மட்டும் உள்ள ஒரு குழுவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மியூட் செய்யச் சொன்னார்.

3. மிஞ்சிய செயலிகள் ‘சைலன்ட்’ நிலையில் இல்லை என்று உறுதி செய்யுங்கள்

நான் கண்டவற்றில் மிகக் குழப்பமான பிழை இதுதான். காது கேளாதவர்கள், ஓசையால் தமக்குப் பயனில்லை, பிறருக்குத்தான் தொந்தரவு என்று எண்ணி, செயலிகளின் அறிவிப்பைச் சைலன்ட் வகைக்கு முன்பே மாற்றியிருப்பார்கள். ஆண்ட்ராய்டோ, ஓசையோ அதிர்வோ எழுப்பத் தகுதியுள்ள அறிவிப்புக்குத்தான் ஃபிளாஷை இயக்குகிறது. சைலன்ட் வகையில் கிடக்கும் அறிவிப்பு பட்டியலில் வந்து சேரும், விளக்கு எரியாது.

இதைச் சரிசெய்ய, வந்திருக்கும் அறிவிப்பின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ‘டிஃபால்ட்’, ‘சைலன்ட்’ என்ற தேர்வுகள் தோன்றும். டிஃபால்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே செயலிக்குள் செய்தி, அழைப்பு, குழு எனப் பல பிரிவுகள் இருக்கும். அவற்றில் ஒன்று மட்டும் சைலன்ட்டில் சிக்கியிருக்கலாம் என்பதால், செயலியின் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து எல்லாப் பிரிவுகளையும் பாருங்கள். ஓசை வேண்டாமென்றால் அதிர்வை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவே போதுமானது.

ஐபோனில் இதற்கு இணையான இடறல் ‘ஷெட்யூல்டு சம்மரி’. அதில் சேர்க்கப்பட்ட செயலிகளின் அறிவிப்புகள் குறித்த நேரத்தில் மொத்தமாக வரும். முக்கியமான செயலிகளை அதிலிருந்து நீக்கிவிடுங்கள்.

4. ஆண்ட்ராய்டில் ஃபிளாஷை இயக்குதல்

செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஃபிளாஷ் என்ற சொல்லை, கைபேசி எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியில் தட்டச்சு செய்யுங்கள். பட்டியலின் பெயரும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், வழியை மனப்பாடம் செய்வதைவிட இப்படித் தேடுவது விரைவானது. சாம்சங்கில் அக்சஸிபிலிட்டி, அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன் என்ற வழியில் கிடைக்கும். கைபேசியைத் தமிழில் வைத்திருப்பவர்கள் ‘அணுகல்தன்மை’ என்ற தலைப்பின்கீழ்த் தேட வேண்டும்.

அங்கே இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று கேமரா ஃபிளாஷ். பின்புறத்து விளக்கு மின்னும். மற்றொன்று ஸ்கிரீன் ஃபிளாஷ். திரை முழுவதும் ஒரு நிறத்தில் ஒளிரும். ஆண்ட்ராய்டின் பொது வடிவத்தில் 12 நிறங்கள் உள்ளன. நான் மஞ்சளைத் தேர்ந்தெடுப்பேன். பகல் வெளிச்சத்திலும் தெரிகிறது, கண்ணை உறுத்துவதில்லை. சிவப்பை மேலே சொன்ன காரணத்துக்காகத் தவிர்க்கிறேன்.

இரண்டையும் இயக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். முதல் வாரம் இரண்டையும் இயக்கி வையுங்கள். எது தமக்குக் கண்ணில் படுகிறது என்பதைப் பயன்படுத்துபவரே கண்டுகொண்டபின் மற்றதை நிறுத்திவிடலாம். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஸ்கிரீன் ஃபிளாஷ் வந்தால், தட்டச்சு செய்துகொண்டிருப்பது ஒரு கணம் மறையும். இதை முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் முதியவர்கள் கைபேசி கெட்டுவிட்டதென்று அஞ்சுகிறார்கள். பக்கத்தில் உள்ள ‘பிரிவ்யூ’ பொத்தானைத் தட்டி அவர் கண்முன்னே ஒருமுறை மின்னச் செய்து காட்டுங்கள்.

தேடலில் எதுவும் கிடைக்காவிட்டால், அழைப்புச் செயலியைத் திறந்து அதன் செட்டிங்ஸில் உள்வரும் அழைப்புக்கான பகுதியைப் பாருங்கள். சில நிறுவனங்கள் மணி அடிக்கும்போது ஃபிளாஷ் என்ற தேர்வை அங்கே வைத்திருக்கின்றன. அது சிம் அழைப்புக்கு மட்டும் உதவும், செய்திகளுக்கு மின்னாது. இரண்டு இடத்திலும் தேர்வு இருந்தால் ஒன்றை மட்டும் இயக்குங்கள், ஏனெனில் ஒரே விளக்கை இரண்டு அமைப்புகள் இயக்க முயன்றால் மின்னல் ஒழுங்கற்றுப் போகலாம்.

5. ஐபோனில் ஃபிளாஷை இயக்குதல்

செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஆடியோ அண்ட் விஷுவல் என்று சென்றால், பக்கத்தின் கீழ்ப்பகுதியில் எல்ஈடி ஃபிளாஷ் ஃபார் அலர்ட்ஸ் என்பது இருக்கும். புதிய பதிப்புகளில் இந்தப் பெயர் சற்று மாறியிருக்கலாம். அதை இயக்கியதும் அதன்கீழ் மேலும் இரண்டு தேர்வுகள் தோன்றும். புதியவர்கள் இவற்றைப் பார்க்காமல் வெளியேறிவிடுகிறார்கள்.

முதலாவது, சைலன்ட் நிலையிலும் மின்ன வேண்டுமா என்பது. கைபேசியை எப்போதும் சைலன்ட்டில் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் உயிர்நாடி. இது அணைந்திருந்தால் ஃபிளாஷ் வேலை செய்யாது. இரண்டாவது, பூட்டுத் திறந்திருக்கும்போதும் மின்ன வேண்டுமா என்பது. கைபேசி கையில் இருக்கையில் அறிவிப்பு திரையிலேயே தெரியும் என்பதால் இதை நான் பெரும்பாலும் அணைத்தே வைக்கிறேன். இது இல்லாத பழைய பதிப்புகளில் பூட்டிய நிலையில் மட்டுமே விளக்கு மின்னும். பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

6. தனிச் செயலியை நிறுவுவதற்கு முன் யோசியுங்கள்

அழைப்புக்கு ஃபிளாஷ் என்று தேடினால் ஆப் ஸ்டோர்களில் ஏராளமான செயலிகள் வரும். இவற்றில் செய்திகளுக்கும் மின்னுபவை, எல்லா அறிவிப்புகளையும் படிக்கும் அனுமதியைக் கேட்கும். அந்த அனுமதியைக் கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியும், சொந்தச் செய்திகளும் அச்செயலியின் பார்வைக்குச் செல்லும். காது கேளாத முதியவர் ஒருவர் வங்கியை அழைத்துப் பேசிச் சிக்கலைத் தீர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அருகிலிருந்து பார்த்திருப்பதால், இதை நான் மிகுந்த எச்சரிக்கையோடு சொல்கிறேன். கைபேசியிலேயே வசதி இருக்கும்போது தனிச் செயலி வேண்டவே வேண்டாம். முன்பே நிறுவியிருந்தால், அனுமதியைத் திரும்பப் பெற்று, செயலியையும் நீக்கிவிடுங்கள்.

7. பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள்

திரை அணைந்து சிறிது நேரம் ஆனதும், பேட்டரியை மிச்சப்படுத்த ஆண்ட்ராய்டு செயலிகளை உறங்க வைக்கிறது. அறிவிப்பு தாமதமாக வந்தால் ஒளியும் தாமதமாகத்தான் வரும். வாட்ஸ்அப் முதலான முக்கியச் செயலிகளின் விவரப் பக்கத்தைத் திறந்து, பேட்டரி என்ற பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாச் செயலிகளுக்கும் இதைச் செய்தால் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். இரண்டு மூன்று செயலிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. சோதனை செய்யுங்கள், அரை மணி கழித்து மீண்டும் செய்யுங்கள்

கைபேசியைப் பூட்டி மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். மற்றொரு கைபேசியிலிருந்து முதலில் சாதாரண அழைப்பு, பிறகு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு, பிறகு தனிச் செய்தி, கடைசியாக மியூட் செய்த குழு ஒன்றில் செய்தி என்ற வரிசையில் அனுப்புங்கள். முதல் மூன்றுக்கும் மின்ன வேண்டும். நான்காவதற்கு மின்னக் கூடாது. அடுத்த இரண்டு நிமிடத்துக்கு அலாரம் ஒன்றையும் வைத்துப் பாருங்கள்.

வீடியோ அழைப்பைத் தனியாகச் சோதிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சைகை மொழியில் பேசுபவர்களுக்கு அதுவே உண்மையான தொலைபேசி. ஆனால் சிம் அழைப்புக்கு மணி அடிக்கும்வரை மின்னும் விளக்கு, செயலி வழியே வரும் அழைப்பை ஓர் அறிவிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, சில முறை மின்னி நின்றுவிடக்கூடும். உங்கள் கைபேசியில் அப்படி நடந்தால், நெருங்கிய உறவினர்களிடம் முதலில் சிம் வழியாக ஒருமுறை அழைத்துத் துண்டித்துவிட்டு, பிறகு வீடியோவில் அழைக்கும்படி சொல்லி வையுங்கள். பெரியம்மா வீட்டில் இந்த முறை நன்றாகவே நடக்கிறது.

சோதனை வெற்றி பெற்றதும் எழுந்துவிடாதீர்கள். கைபேசியைத் தொடாமல் அரை மணி நேரம் விட்டுவிட்டு, அதே வரிசையில் மீண்டும் அனுப்புங்கள். ஏழாம் படியில் சொன்ன உறக்கம் அப்போதுதான் வெளிப்படும். உடனடிச் சோதனையில் எல்லாம் சரியாக இருந்து, மறுநாள் எதுவும் வரவில்லை என்று வந்தவர்களின் கைபேசிகளில் பெரும்பாலும் குறை இங்கேதான் இருந்தது.

9. கைபேசியை வைக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்

கேமரா ஃபிளாஷை இயக்கிவிட்டு, கைபேசியைத் திரை மேலே தெரியும்படி மேசையில் படுக்க வைத்தால், விளக்கு மேசையைப் பார்த்து மின்னும். இதை அடிக்கடி பார்க்கிறேன். கேமரா ஃபிளாஷ் என்றால் கைபேசி கவிழ்ந்திருக்க வேண்டும், ஸ்கிரீன் ஃபிளாஷ் என்றால் நிமிர்ந்திருக்க வேண்டும்.

இவற்றைவிடச் சிறந்த வழி, கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, பின்புறம் சுவரைப் பார்க்குமாறு ஒரு சாண் தொலைவில் வைப்பது. வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி பரந்து விழுவதால், கைபேசிக்கு நேரே பார்க்காதவரின் கடைக்கண்ணிலும் படும்; நேரடி விளக்கின் கூர்மையும் குறையும். பெரியம்மாவின் சமையலறைச் சுவர் கரும்பச்சை. அது ஒளியை விழுங்கிவிட்டது. கைபேசிக்குப் பின்னால் ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைச் சாய்த்து வைத்தோம். அழைப்பு வந்தபோது கூரையில் ஓர் ஒளி வட்டம் துள்ளியது. காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அன்று முதல் அந்தத் தாம்பாளத்துக்கு வேறு வேலை இல்லை. அடுப்புக்கு அருகில் மட்டும் வைக்காதீர்கள். கைபேசி அதிகம் சூடேறினால் ஃபிளாஷ் தற்காலிகமாக நின்றுவிடும்.

உறையையும் கவனியுங்கள். பணப்பை போல மடியும் உறை சிலவற்றில் மூடியைப் பின்னால் மடக்கினால் விளக்கு மறைந்துவிடும்.

10. இரவுக்குத் தனி ஏற்பாடு செய்யுங்கள்

மூடிய கண்ணுக்குச் சிறிய விளக்கின் ஒளி எட்டும் என்று நம்பக் கூடாது. இரவில் எழுப்ப அதிர்வுதான் வேண்டும்: கைக்கடிகாரமோ, தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வுக் கருவியோ பொருத்தமானது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் கைபேசியைத் தலையணைக்கு அடியில் ஒருபோதும் வைக்காதீர்கள்; வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஆபத்தாகும்.

‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ நிலை இரவில் தானாக இயங்குமாறு அமைந்திருந்தால், அது தடுக்கும் அழைப்புகளுக்கு ஃபிளாஷும் வராது. வீட்டாரின் எண்களை அதில் விதிவிலக்காகச் சேருங்கள். மீண்டும் மீண்டும் அழைப்பவரை அனுமதிக்கும் தேர்வையும் இயக்குங்கள். ஒரே எண்ணிலிருந்து ஆண்ட்ராய்டில் 15 நிமிடங்களுக்குள்ளும், ஐபோனில் மூன்று நிமிடங்களுக்குள்ளும் வரும் இரண்டாவது அழைப்பு தடையைத் தாண்டி வந்துவிடும். அவசரமென்றால் உடனே இரண்டாம் முறை அழைக்க வேண்டும் என்பதை உறவினர் அனைவருக்கும் சொல்லிவிடுங்கள்.

11. வீட்டு ஓசைகளையும் ஒளியாக்கலாம்

அழைப்புகள் சீராக வரத் தொடங்கிய பிறகு இதைத் தொடுங்கள். முன்பே செய்தால் எதற்காக மின்னுகிறது என்ற குழப்பம் வரும். ஆண்ட்ராய்டில் கூகுளின் சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ், ஐபோனில் சவுண்ட் ரெகக்னிஷன் ஆகிய வசதிகள், குழந்தை அழுவது, கதவு தட்டப்படுவது, புகை எச்சரிக்கை மணி அடிப்பது போன்ற ஓசைகளைக் கேட்டு அறிவிப்பு தருகின்றன. இரண்டுமே இதைக் கைபேசிக்குள்ளேயே செய்வதால், வீட்டு ஓசைகள் வெளியே அனுப்பப்படுவதில்லை.

நம் வீடுகளில் அழைப்பு மணி குருவி போலவும் பக்திப் பாடல் போலவும் ஒலிப்பதால், அதை இவை தாமாக அறிந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. இரண்டிலும் சொந்த ஓசையைப் பதிவு செய்து பழக்கும் தேர்வு இருக்கிறது. மின்விசிறி ஓடும்போதே பதிவு செய்யுங்கள், ஏனெனில் அன்றாடம் அந்த இரைச்சலோடுதான் கைபேசி அதைக் கேட்கப் போகிறது. தீ, நோய் போன்ற ஆபத்துக்கு இதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆப்பிள் நிறுவனமே தன் வசதியைப் பற்றி அவ்வாறு எச்சரிக்கிறது.

12. திடீரென மின்னாமல் போனால்

முதலில் டார்ச் எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் குறை விளக்கில் அல்லது சார்ஜில். எரிந்தால், ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’ இயங்குகிறதா, கேமராவைப் பயன்படுத்தும் செயலி ஏதேனும் திறந்திருக்கிறதா, அந்தச் செயலியின் அறிவிப்பு மறுபடியும் சைலன்ட்டுக்குப் போயிருக்கிறதா என்று இதே வரிசையில் பாருங்கள். அறிவிப்புப் பட்டியலைத் துடைக்கும்போது விரல் தவறிப்பட்டுச் சைலன்ட் ஆவது உண்டு.

மென்பொருளைப் புதுப்பித்த அன்றும், புதிய உறை வாங்கிய அன்றும் எட்டாம் படியின் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். பெரியம்மா மாதப் பிறப்பன்று காலையில் எனக்கு வெற்றுச் செய்தி ஒன்றை அனுப்புவார். நான் உடனே திரும்ப அழைக்க வேண்டும். தாம்பாளம் மின்னியதும் ‘வந்துவிட்டது’ என்று பதில் எழுதுவார்.